வேலையில் மிஞ்சியவரின் மனச்சுமை

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று சேலத்திலிருந்து வந்தவை. மூன்றும் ஆட்குறைப்பைப் பற்றியவை. மூன்றையும் எழுதியவர்கள் வேலையை இழந்தவர்கள் அல்லர், இழந்தவர்களுக்கு அருகில் இருப்பவர்கள். ஊரும் தெருவும் தெரிந்தால் ஆளையும் கண்டுபிடித்துவிடக்கூடிய ஊர் என்பதால் பெயர்களைத் தவிர்த்து வெளியிடுகிறோம்.

கேள்வி: அம்மா, வணக்கம். கொண்டலாம்பட்டிக்கு அப்பால் உள்ள ஒரு நூற்பாலையில் ரிங் பிரேம் பிரிவில், அதாவது கதிர்கள் சுழன்று நூல் நூற்கும் எந்திரங்களில், வேலை செய்கிறேன். வெளிநாட்டு ஆர்டர் குறைந்துவிட்டது என்று சொல்லிச் சில மாதங்களாக ஆட்களைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். என்னோடு ஒரே ஷிப்டில் இருந்த அண்ணன் ஒருவரையும் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். நான் சேர்ந்த புதிதில், ஓடுகிற கதிரில் அறுந்த இழையை எடுத்து ஒட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். என்னைவிட நான்கு ஆண்டுகள் முன்னதாக மில்லுக்கு வந்தவர். அவரை அனுப்புவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பு சூப்பர்வைசர் என்னிடம் வந்து, "இன்னும் ரெண்டு சைடு சேத்துப் பாத்துக்குவியா?" என்று கேட்டார். நான் யோசிக்காமல், "பாத்துக்கறேன் சார்" என்றேன். இப்போது நான் பார்ப்பது அந்த அண்ணன் பார்த்த சைடுகளை, அதாவது எந்திரத்தின் பக்கங்களை. அவர் தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனதாக மில்லில் பேச்சு. அதன் பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை. அவர் வீடு குகையில் இருக்கிறது; அம்மாபேட்டையில் உள்ள என் வீட்டுக்கு வழக்கமாக அந்த வழியாகத்தான் போவேன். இப்போது சீலநாயக்கன்பட்டி பைபாஸில் சுற்றிக்கொண்டு போகிறேன். இடைவேளையில் டீ குடிக்கக்கூடப் போவதில்லை. இரண்டு பேர் வேலையைச் செய்தால்தான் இந்தச் சம்பளத்தைக் கைநீட்டி வாங்க எனக்கு யோக்கியதை உண்டு என்று தோன்றுகிறது. இரவில் விழிப்பு வந்தால் அடுத்த பட்டியலில் என் பெயர் இருக்குமோ என்று நெஞ்சு படபடக்கிறது. மனைவியிடம் சொன்னால், "வேலை இருக்குதேன்னு சாமியக் கும்பிடுங்க" என்கிறாள். நான் செய்தது துரோகமா?

பதில்: அன்புள்ள சகோதரருக்கு, நீங்கள் செய்தது துரோகம் இல்லை. ஆனால் "உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை, மறந்துவிடுங்கள்" என்று எழுதி முடித்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஏனென்றால் "பாத்துக்கறேன் சார்" என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வந்தது உண்மை. அந்தச் சொல்லுக்கு எவ்வளவு எடை உண்டோ அவ்வளவை மட்டும் அதற்குக் கொடுப்போம். கேட்டவர் உங்கள் மேலதிகாரி. எதற்காகக் கேட்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் முடியாது என்று சொல்லியிருந்தால் அவர் அடுத்த பிரேமில் நிற்பவரிடம் போய்க் கேட்டிருப்பார், அல்லது பட்டியலில் உங்கள் பெயரையும் சேர்த்திருப்பார். எத்தனை பேரைக் குறைப்பது என்பது அதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களின் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, திருப்பூரிலும் கரூரிலும் ஏற்றுமதியை நம்பி இருந்தவர்கள் எல்லோருக்கும் அடி விழுந்தது. இப்படிப்பட்ட முடிவுகள் எங்கோ எடுக்கப்பட்டு, படிப்படியாக இறங்கி, கடைசியில் ஒரு சூப்பர்வைசரின் வாயிலிருந்து சாதாரணக் கேள்வியாக உங்களிடம் வந்து சேருகின்றன. உங்களுடைய ஒற்றைப் பதிலில் ஒருவருடைய பிழைப்பே தொங்கிக்கொண்டிருந்தது என்று எண்ணுவது, உங்களுக்கு ஒருநாளும் தரப்படாத அதிகாரத்துக்கு நீங்கள் தண்டனை அனுபவிப்பதாகும்.

உங்களுக்கு நேர்ந்திருப்பது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிரோடு மீண்டவர்களுக்குச் சிகிச்சை அளித்த வில்லியம் நீடர்லாண்ட் என்ற மனநல மருத்துவர், செத்தவர்கள் இருக்க நாம் மட்டும் பிழைத்தோமே என்ற குற்ற உணர்வு அவர்களை ஆண்டுக்கணக்கில் வாட்டியதை 1960களில் பதிவு செய்தார். அந்தக் கொடுமையோடு ஒரு மில்லின் ஆட்குறைப்பை ஒப்பிட முடியாது, ஒப்பிடவும் கூடாது. ஆயினும் மனம் நடந்துகொள்ளும் விதத்தில் ஒரு சாயல் இருப்பதை, வேலையில் மிஞ்சியவர்களைப் பற்றி 1980களில் ஆய்வு செய்த ஜோயல் பிராக்னரும் அவருடைய சகாக்களும் கண்டார்கள். ஒரு காரணமும் இல்லாமல் உடன் இருந்தவர் அனுப்பப்பட்டதைப் பார்த்தவர்கள், அதன் பிறகு முன்பைவிட அதிகமாக வேலை செய்தார்கள். செய்த வேலையின் அளவு கூடியதே தவிரத் தரம் கூடவில்லை. தமக்குக் கிடைத்ததற்குத் தாம் தகுதியானவர் என்று காட்ட மனம் படும் பாடு அது. நீங்கள் டீ குடிக்கப் போகாமல் பிரேமைச் சுற்றி ஓடுவதும் அதுவே.

இதை உடனே நிறுத்துங்கள் என்று கண்டிப்பாகவே சொல்கிறேன். தூக்கம் கெட்ட ஒருவர் ஓய்வில்லாமல் சுழலும் கதிர்களுக்கு நடுவே கையை நீட்டிக்கொண்டிருப்பது ஆபத்து. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்பது 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே தொழிலாளிக்குத் தந்த உரிமை. அந்த அரை மணி நேரத்தை நீங்கள் விட்டுக்கொடுப்பதால் அந்த அண்ணனுக்கு ஒரு பைசா பயன் இல்லை. அதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. இன்று நீங்கள் குற்ற உணர்வால் ஓடும் ஓட்டத்தை நிர்வாகம் உங்கள் திறமை என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளும். நாளைக்கு அதுவே எல்லோருக்கும் அளவாகிவிடும். அந்த அளவுக்கு ஓட முடியாத இன்னொரு அண்ணனின் பெயர் அடுத்த பட்டியலில் ஏறும். ஆகவே வழக்கமான வேகத்தில் வேலை பாருங்கள், இடைவேளைக்கு எல்லோரோடும் போய் உட்காருங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையாகவே வருத்தியது அந்த பைபாஸ் சாலைதான். நடந்தவற்றில் உங்கள் கையில் இருந்ததும் இப்போதும் இருப்பதும் அது ஒன்றே. வேலை போனவர்கள் பலரும் சம்பளம் நின்றதைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே, "நேத்து வரைக்கும் கூடச் சாப்பிட்டவன் ஒருத்தன்கூட வந்து எட்டிப் பாக்கல" என்று சொல்லித்தான் அழுகிறார்கள். நீங்கள் வெட்கப்பட்டு ஒதுங்குகிறீர்கள். அவருக்கோ அது, வேலை போனதும் நம்மை ஆளாகவே மதிக்கவில்லை என்று படும். இந்த வாரமே ஒரு மாலை நேரத்தில் குகைக்குப் போங்கள். பழத்தையும் பிஸ்கட்டையும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். அது நோயாளியைப் பார்க்கப் போவதுபோல ஆகிவிடும். போனதும் மன்னிப்புக் கேட்டு அழவும் வேண்டாம், ஏனென்றால் அப்புறம் அவர்தான் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும். "அண்ணா, உங்க சைடத்தான் இப்ப நான் பாக்கறேன். உங்களப் பாக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு இத்தனை நாள் வராம இருந்துட்டேன்" என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். சூப்பர்வைசர் வந்து கேட்டதையும் மறைக்காதீர்கள். வேறு யார் மூலமாவது தெரிந்தால் அப்போதுதான் அது துரோகமாகத் தெரியும். அவர் கோபப்பட்டால் எதிர்ப்பேச்சுப் பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கே சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காமல் அடுத்த வாரமும் போங்கள்.

போகும்போது கையோடு கொண்டுபோக வேண்டியது சில தகவல்கள். அவர் தானாக எழுதிக் கொடுத்தாரா, எழுதித் தரச் சொல்லி வாங்கினார்களா என்பதை அவரிடமே கேளுங்கள், ஏனென்றால் எல்லாம் அதைப் பொறுத்திருக்கிறது. ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்பில் அனுப்பினால், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்குரிய சம்பளமோ தர வேண்டும். பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளத்தை இழப்பீடாகத் தர வேண்டும். ஒரே பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரையே பொதுவாக முதலில் அனுப்ப வேண்டும், மாற்றிச் செய்தால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். திரும்ப ஆள் எடுக்கும்போது அனுப்பப்பட்டவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும். 1947 ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்த இந்த விதிகள், 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் தொடர்கின்றன. ராஜினாமா என்று எழுதி வாங்கிவிட்டால் அது ஆட்குறைப்பாகாது, இழப்பீடும் இல்லை. அதனால்தான் பல இடங்களில் கடிதத்தை அவசர அவசரமாக எழுதி வாங்குகிறார்கள். மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கியிருந்தால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் அதைச் சொல்லலாம். பணிக்கொடை (கிராஜுவிட்டி) இதற்கெல்லாம் தனி. ஐந்து ஆண்டுகள் முடித்தவர் ராஜினாமா செய்திருந்தாலும் அதைப் பெறலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று அவர் தயங்கினால், ஆலைத் தொழிலாளிக்கு இலவசச் சட்ட உதவி பெறும் தகுதியை 1987 ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டமே தந்திருக்கிறது. சேலத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அவர் அணுகலாம்.

கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் போக வேண்டும் என்ற விதியைப் படித்ததும் உங்களுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். அண்ணனைவிட நான்கு ஆண்டுகள் பின்னால் சேர்ந்தவர் நீங்கள். தெரிந்தேதான் எழுதினேன். அவருடைய உரிமையை அவருக்குச் சொல்வதால் உங்கள் வேலைக்கு ஒரு சிறு ஆபத்து உண்டு, அதை மறைக்கமாட்டேன். சொல்வதா வேண்டாமா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் வேலையில் இருப்பதற்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ளும் இத்தனை வழிகளில், அவருக்கு உண்மையாகப் பயன்படக்கூடியது இது ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

இரவுப் படபடப்பைப் பற்றி. அடுத்த பட்டியல் என்ற பயம் ஆதாரம் இல்லாததல்ல, ஆகவே பயப்படாதீர்கள் என்று நான் சொல்வதில் பொருள் இல்லை. பகலில் அதற்கு வேலை கொடுங்கள். உங்கள் வருங்கால வைப்புநிதிக் கணக்கில் மாதாமாதம் பணம் ஏறுகிறதா, பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். சம்பளச் சீட்டுகளையும் ஈ.எஸ்.ஐ. அட்டையையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். வேலை இல்லாமல் மூன்று மாதம் வீட்டை ஓட்ட எவ்வளவு வேண்டும் என்று மனைவியோடு உட்கார்ந்து தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அவருக்கும் உள்ளுக்குள் பயம் இருக்கும். சாமியைக் கும்பிடச் சொல்வது அதை அடக்கிக்கொள்ள அவர் கண்ட வழியாக இருக்கலாம். தொகை பெரிதாக இருந்தாலும் எழுதிய தொகைக்கு ஓர் எல்லை உண்டு. நடு ராத்திரிப் பயத்துக்கு எல்லை இல்லை. இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லாமலும் நெஞ்சுப் படபடப்போடும் இருந்தால், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். முதலில் இதயத்தைப் பரிசோதித்துவிட்டு, அதில் குறை இல்லை என்றால் மனநலப் பிரிவிலும் காட்டுங்கள். புறநோயாளிச் சீட்டு வாங்கிக்கொண்டு அந்த வரிசையில் நிற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: என் கணவர் பெங்களூருவில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் இருந்தார். ஒரு காலை நேர வீடியோ அழைப்பில் வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது அழகாபுரத்தில் மாமியார் வீட்டில் இருக்கிறோம். "வீட்டிலிருந்தே வேலை" என்று உறவினர்களிடம் சொல்லி வைத்திருக்கிறோம். அதற்காகவே அவர் காலை முதல் மாலை வரை மாடி அறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறார். நான் இங்கே ஒரு பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்திருக்கிறேன். காலையில் சேலை கட்டிக்கொண்டு கிளம்பும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆடித் திருவிழாவுக்கு எல்லோரும் வருவார்கள்; யாருக்கும் தெரியக் கூடாது என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நீங்கள் வேலைக்குப் போவது அவருக்குச் செய்யும் குறை அல்ல, அந்தச் சம்பளம் இருப்பதால்தான் அவர் கிடைத்த வேலையில் போய் விழாமல் பொறுத்துத் தேட முடிகிறது. கிளம்பும்போது திருடியைப்போல நழுவிப் போகாமல், அவரிடம் சொல்லிக்கொண்டு போங்கள்.

என்னைக் கவலைப்பட வைப்பது அந்த மாடி அறை. ஆஸ்திரியாவில் மரியன்தால் என்ற சிற்றூரில், ஊரே நம்பியிருந்த ஜவுளி ஆலை மூடப்பட்ட பிறகு, மரி யஹோடாவும் உடன் ஆய்வாளர்களும் அங்கே ஆய்வு செய்து கண்டதை 1933 இல் வெளியிட்டார்கள். வேலை இல்லாததால் நேரம் ஏராளமாகக் கிடைத்தும், ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோனது. தெருவில் ஆண்களின் நடை தளர்ந்தது. பெண்களைவிட மெதுவாக நடந்து அடிக்கடி நின்றார்கள். வேலை என்பது சம்பளம் மட்டுமல்ல, நாளுக்கு ஒரு வடிவத்தையும் மனிதர்களோடு ஒரு சேர்க்கையையும் தருகிறது என்பதை அந்த ஆய்வு காட்டியது. உங்கள் கணவருக்கு அந்த இரண்டும் போனதோடு, இல்லாத வேலையை நாள் முழுதும் நடிக்கும் சுமையும் சேர்ந்திருக்கிறது. வேலை தேடுவதற்குக் காலையில் சில மணி நேரம் போதும். மீதி நேரத்தில் குழந்தைகளைப் பள்ளியில் விடுவதோ, மாலையில் ஒரு நடையோ, நண்பரின் கடையில் கணக்குப் பார்ப்பதோ, எதுவாயினும் வெளியே ஆள் முகம் பார்க்கும் வேலையாக இருக்கட்டும்.

உறவினர்களிடம் சொல்லிவிடலாம் என்பதே என் கருத்து; ஆனால் அது அவர் சொல்ல வேண்டிய செய்தி, அவருக்குத் தெரியாமல் நீங்கள் சொல்லிவிட வேண்டாம். எல்லோர் முன்னாலும் அறிவிக்க வேண்டியதில்லை. சித்தப்பாவோ மாமாவோ, அவருக்கு நம்பிக்கையான ஒருவரிடம், "பெங்களூரு வேலை போயிடுச்சு, வேற பாத்துக்கிட்டிருக்கேன்" என்று தனியாகச் சொன்னால் போதும். மானத்துக்குப் பயந்து மாமியார் மறைக்கச் சொல்வது புரிகிறது. ஆனால் மறைப்பதில் ஒரு பெரிய நட்டமும் இருக்கிறது. மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973 இல் எழுதியபடி, தெரிந்தவர்கள் மூலம் வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தச் செய்தி தினமும் பார்க்கும் நெருங்கியவர்களிடமிருந்து வரவில்லை. எப்போதாவது பார்க்கும் அறிமுகக்காரர்களிடமிருந்துதான் வந்தது. ஆண்டுக்கு ஒருமுறை கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு வந்துபோகும் ஒன்றுவிட்ட அண்ணனும், கோயம்புத்தூரில் வேலை செய்யும் அவருடைய மருமகனும் அப்படிப்பட்டவர்கள்தானே? வேலை போனது தெரியாதவரால் வேலை சொல்ல முடியாது.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்பதுபோல அவர் பேசினாலோ, குடி புதிதாகச் சேர்ந்தாலோ, சாப்பாடும் தூக்கமும் விட்டுப்போனாலோ, திருவிழா முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அவர் பேச மறுத்தால் நீங்கள் பேசி, என்ன செய்வதென்று கேளுங்கள்.

கேள்வி: செவ்வாப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வெள்ளி விலை ஏறியதில் ஆர்டர் பாதியாகிவிட்டது. ஆறு பேரில் இரண்டு பேரை நிறுத்தியே ஆக வேண்டும். சொல்ல மனம் வராமல், "அடுத்த வாரம் வாங்கப்பா" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் என்னிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். அதையும் கேட்க முடியவில்லை.

பதில்: ஐயா, உங்கள் இரக்கம் உண்மையானது, ஆனால் "அடுத்த வாரம்" என்பது இரக்கம் ஆகாது. அந்தச் சொல்லை நம்பி அவர்கள் வேறு பட்டறைக்குப் போகாமல் வீட்டில் காத்திருக்கிறார்கள். நாளைக்கே இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து நீங்களே சொல்லுங்கள். மகனையோ கணக்குப்பிள்ளையையோ அனுப்பிச் சொல்ல வைக்காதீர்கள். ஏன் இந்த இருவர் என்பதற்கு உங்களிடம் ஒரு காரணம் இருக்க வேண்டும், அது மீதி நான்கு பேர் முன்னாலும் சொல்லக்கூடிய காரணமாக இருக்க வேண்டும். முன்பு சொன்ன பிராக்னரின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்தது இதுதான்: வேலையில் மிஞ்சியவர்கள் அதன் பிறகு முதலாளியை நம்புவதும் நம்பாமல் போவதும், போனவர்கள் எவ்வளவு நியாயமாக நடத்தப்பட்டார்கள் என்பதைப் பொறுத்தது.

செய்து முடித்த வேலைக்கான கூலியை அன்றே முழுதாகக் கொடுத்துவிடுங்கள். முன்பணத்தை அதில் பிடிக்க வேண்டாம். தள்ளுபடி செய்ய உங்களால் முடியாது என்றால், வேறு வேலை கிடைத்துச் சில மாதம் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரட்டும் என்று சொல்லி, எவ்வளவு பாக்கி என்பதை இருவரும் பார்க்க நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்; பாக்கியைக் காரணம் காட்டி அவர்கள் வேறு பட்டறைக்குப் போவதைத் தடுக்காதீர்கள். பொற்கொல்லர்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி நல வாரியம் இருக்கிறது. இருவரும் அதில் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பதியவில்லை என்றால், இத்தனை ஆண்டுகள் உங்களிடம் இந்தத் தொழில் செய்தவர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஆர்டர் இருக்கும் பட்டறைக்காரர் யாரையாவது உங்களுக்குத் தெரியும் என்றால், அவர்களை அங்கே போகச் சொல்வதற்கு முன்பு நீங்களே அவருக்கு ஒரு போன் செய்து பேசிவிடுங்கள்.